பதினெட்டு வயதும் பஞ்சாயத்து ஆபீசும்

ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று கல்லூரி வாசல்களில் கோலப் போட்டி நடக்கும். கலர்ப்பொடியில் வாக்குப்பெட்டி வரைவார்கள், கை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள், சாலையோரம் மனிதச் சங்கிலியாக நிற்பார்கள். படங்கள் மாவட்ட நிர்வாகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூட்டம் கலைந்துவிடும். இந்தியத் தேர்தல் ஆணையம் 1950-இல் தொடங்கப்பட்ட நாள் அது. 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடுவதில் தப்பில்லை. கோலம் போட்ட பிள்ளைகளிடம் "உன் வார்டு மெம்பர் பேர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னால் உங்கள் ஊர் பரவாயில்லை ரகம்.

நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துபவர், நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர், ஊரில் கபடிக் குழுவையோ இளைஞர் மன்றத்தையோ கட்டி மேய்ப்பவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். சொல்லப்போவது ஒன்றுதான்: வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஓட்டின் மகிமையை முதல் ஆறு மாதத்துக்குப் பேசவே பேசாதீர்கள். பஞ்சாயத்து ஆபீசுக்குள் அவர்களை நுழைய வையுங்கள், ஒரு மனு எழுத வையுங்கள், அதற்குப் பதில் வாங்க வையுங்கள். ஓட்டின் பலன் ஐந்து வருடத்துக்குப் பரவிக் கிடப்பதால் பதினெட்டு வயதுக் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எரியாத விளக்கு எரிந்தால் அன்று ராத்திரியே தெரியும். தன் சொல்லுக்கு ஓர் அலுவலகம் அசைந்து கொடுத்ததை ஒருமுறை பார்த்தவர்களை வாக்குச்சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்காது.

முதல் வேலை: தெருவை நடந்து பார்ப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வார்டு முழுக்க நடங்கள். பேச்சு வேண்டாம், நோட்டும் போனும் போதும். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருடைய பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. நம் மக்களின் கோபத்தில் பாதி தப்பான ஆளின் மேல் பாய்கிறது. பஸ் வரவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டுவார்கள், குப்பை அள்ளவில்லை என்று எம்எல்ஏவைத் திட்டுவார்கள்.

கிராமத்தில் விளக்கும் அதன் பராமரிப்பும் ஊராட்சியைச் சேர்ந்தவை. மின்கம்பமும் கம்பியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. தெருவுக்குள் போட்ட சிமென்ட் சாலை ஊராட்சியுடையது, இரண்டு ஊர்களை இணைக்கும் சாலை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துடையது, பஸ் ஓடும் பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. ஏரியிலும் பங்கு உண்டு. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளதை நீர்வளத் துறை பார்க்கும், அதற்குக் குறைந்தது ஒன்றியத்தின் கையில். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆவது பிரிவைத் தேடி எடுத்துப் படிக்கக் கொடுங்கள். விளக்கு, வடிகால், கிணறு, தெருச் சுத்தம், சுடுகாடு என ஊராட்சி செய்தே ஆக வேண்டியவை அதில் இருக்கின்றன. சட்டப் புத்தகத்தைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு பயத்தைக் கழற்றும்.

எழுதிய பட்டியலிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சின்னதாக, ஒரு மாதத்துக்குள் முடியக்கூடியதாக இருக்கட்டும். மணல் கொள்ளை, ஆக்கிரமிப்பு, சாராயம் போன்றவற்றை முதல் வேலையாக எடுக்கவே கூடாது. அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த ஆட்கள் பதினெட்டு வயதுப் பிள்ளையின் வீட்டுக்கு வருவார்கள். ஒரு தோல்வியும் ஒரு மிரட்டலும் சேர்ந்தால் அந்தக் கூட்டம் மறுபடி கூடாது.

மனு

மனு எழுதுவது ஒரு கைத்தொழில், யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. "மாண்புமிகு", "பணிந்து வேண்டுகிறேன்" எல்லாம் அரைப் பக்கத்துக்குப் போய்விட்டால் விஷயம் காணாமல் போய்விடும். ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை என்பதை முதல் மூன்று வரிக்குள் சொல்லிவிட வேண்டும். மின்கம்பத்தில் எண் இருக்கும், அதைக் குறிக்கச் சொல்லுங்கள். படம் ஒன்று இணைக்கலாம். அந்த வழியில் டியூஷன் முடித்து வரும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது போன்ற காரணத்தை ஒரு வரியில் சேர்க்கலாம். கீழே குறைந்தது பத்துப் பேர் கையெழுத்து, அதில் பாதிக்கு மேல் பெரியவர்களுடையதாக இருப்பது நல்லது.

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். "வச்சிட்டுப் போ தம்பி, பாத்துக்கறேன்" என்பார் ஊராட்சிச் செயலர். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஒரே ஆளாக வரி வசூல், குடிநீர், கணக்கு, மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் என்று அல்லாடுகிறவர். ஆனாலும் "சரிங்க சார், இதுல ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க" என்று சிரித்த முகத்தோடு நின்றுகொண்டே இருக்கப் பழக்குங்கள். வாங்கவே மறுத்தால் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதே மனுவின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகலாம். அதற்கும் மேலே திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது, 1100 என்ற முதல்வரின் உதவி எண் இருக்கிறது. சென்னை மாநகராட்சிக்குள் என்றால் 1913. புகார் எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் விளக்குப் போடவில்லை?" என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. ஏன் என்பது தகவலுக்குள் வராது என்று எழுதி மூடிவிடுவார்கள். "கடந்த இரண்டு நிதியாண்டுகளில் தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவழித்த தொகைக்கான ரசீதுகளின் நகல் வேண்டும்" என்று கேட்டால் பதில் தந்தே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை. தகவல் கேட்டவர்கள் மிரட்டப்படுவது இந்த நாட்டில் புதிதல்ல. மாணவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டு அனுப்பாதீர்கள். மன்றத்தின் மூத்தவர் ஒருவர், முடிந்தால் அரசு வேலையிலும் உள்ளூர்க் காண்டிராக்டிலும் மாட்டாத ஒருவர், தன் பெயரில் அனுப்பட்டும்.

கிராம சபை

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். யாரும் தேர்ந்தெடுத்து அனுப்பத் தேவையில்லை, சீட்டுக் கேட்டு யார் வாசலிலும் நிற்கத் தேவையில்லை. பதினெட்டு வயதாகிப் பட்டியலில் பெயர் ஏறியதுமே கிடைக்கும் பதவி இது ஒன்றுதான் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பதினேழு வயதுக்காரர்களையும் கூட்டிப் போங்கள். ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம்.

போகும் முன்பு தயாரிப்பு வேண்டும். வெறுங்கையோடு போனால் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு வருவதோடு முடிந்துவிடும். மத்திய அரசின் 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தட்டினால் அந்த ஆண்டுத் திட்டமும் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் போனது என்பதும் வரும். இளைஞர்களுக்கு இது கைவந்த வேலை. போனில் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், ஊர்ப் பெரியவர்கள் இத்தனை வருடமாகப் பார்த்திராத கணக்கு அது. கூட்டத்தில் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையை, அதாவது படிவம் 30-ஐ, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போடாத ரோட்டுக்குப் பில் இருக்கிறதா என்பதைத் தெருவில் நடந்தவர்களால்தான் சொல்ல முடியும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய அந்தக் குடவோலை விதிகளின்படி நம் பிள்ளைகள் யாரும் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள், சொந்த நிலமும் வீடும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பெருமைப்பட வேண்டிய விதி வேறொன்று அதே கல்வெட்டில் இருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. படிவம் 30-ஐக் கேட்கும் பெண்ணிடம் யாராவது "உனக்கெதுக்குமா இதெல்லாம்" என்றால் இதை எடுத்துச் சொல்லலாம்.

கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். பல ஊர்களில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், கையெழுத்து நோட்டில் இருநூறு இருக்கும். மிச்சக் கையெழுத்து வீடு வீடாகப் போய் வாங்கியதாக இருக்கும். உங்கள் குழுவில் ஒருவரின் வேலை தலைகளை எண்ணுவதாகவே இருக்கட்டும். சண்டை போடச் சொல்லவில்லை. எண்ணிக்கை குறைந்தால் கூட்டம் செல்லாது என்பது தெரிந்த நான்கு பேர் அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரிந்தால் போதும். அடுத்த முறை தண்டோராவும் ஆட்டோ மைக்கும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பும்.

பேசுவதைவிடத் தீர்மானம் எழுத வைப்பது முக்கியம். நம் ஊரில் கிராம சபை என்றால் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து ஆதங்கத்தைக் கொட்டுவது என்று ஆகிவிட்டது. கொட்டியது காற்றோடு போகும். தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே இரண்டு வரியில் எழுதி எடுத்துப் போங்கள். "மேலத்தெரு அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் கட்டும் பணியை இந்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது என்று கிராம சபை தீர்மானிக்கிறது" என்பது மாதிரி. ஒருவர் படிக்க, இன்னொருவர் வழிமொழிய, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறும்வரை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏறிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு அரசு சார்பில் ஒரு பற்றாளர் வந்திருப்பார். பதிவேட்டில் எழுத மறுத்தால் அவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இந்தத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், மிகைப்படுத்தாதீர்கள். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைச் சுற்றிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. அந்த மாதம் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் சுற்று வட்டார ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, ஜனவரியில் மக்கள் மதுரை வரை நடந்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதே தமிழ்நாட்டில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் 2022 முதல் கிராம சபை கூடும்போதெல்லாம் தீர்மானம் போட்டு வந்திருக்கிறது. அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆக, தீர்மானம் ஒரு மந்திரக்கோல் கிடையாது. அரிட்டாபட்டியில் அதன் பின்னால் ஊர் நின்றது, வணிகர்கள் கடையடைத்தார்கள், கட்சிகள் எல்லாமே பேச வேண்டி வந்தது. ஆனால் முதலில் ஒரு தாளில் ஊரின் முடிவு எழுதப்பட்டிருந்தது. அங்கன்வாடிச் சுவர் போன்ற உள்ளூர் வேலைகளுக்கு அந்தத் தாள் பெரும்பாலும் போதும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். கிராம சபையின் தரை எல்லோருக்கும் ஒரே மட்டத்தில் இல்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தனித்தொகுதியில் நின்று ஜெயித்த குற்றத்துக்காக 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவராக உட்காருவதை ஏற்காமல் பத்து வருடம் தேர்தலையே முடக்கி வைத்தார்கள். 2006-இல்தான் அங்கே தலைவர்கள் முறையாகப் பதவியேற்றார்கள். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் போய் உட்கார்ந்ததற்கு இந்த வரலாறுதான் காரணம். உங்கள் குழுவில் ஊரும் சேரியும் சேர்ந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மற்ற எதையும்விட அது முந்திய வேலை. கூட்டம் வழிபாட்டுத் தலத்தில் நடக்கக் கூடாது, ஒவ்வொரு குடியிருப்பிலும் மாறி மாறி நடக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. அடுத்த கிராம சபை காலனியில் நடக்கட்டும் என்று கேட்பதே நல்ல முதல் மனு. பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்தோடு எழுந்து போகும் ஊராக இருந்தால், தீர்மானத்தைப் படிக்கிறவர் பெண்ணாக இருக்கட்டும். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை.

தலைவரே இல்லாத காலமும் வரும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. அப்போது தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்தக் காலத்திலும் கிராம சபை உண்டு, மனுவைத் தனி அலுவலருக்கு எழுத வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப் போவதைப் பற்றி இளைஞர்கள் கோபப்பட்டால் அந்தக் கோபத்தைத் தடுக்காதீர்கள்.

நகரத்துப் பிள்ளைகள்

நகரத்தில் கிராம சபைக்குப் பதில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்க வேண்டும். காகிதத்தில் இருக்கின்றன, பல வார்டுகளில் யாருக்கும் தெரிவதில்லை. கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போய் "அடுத்த பகுதி சபா எப்ப சார்?" என்று கேட்க வைப்பதே நகரத்தில் முதல் பயிற்சி. வாடகை வீடு, இரண்டு வருடத்துக்கு ஒரு முகவரி, பக்கத்து ஃபிளாட்டில் யார் என்றே தெரியாத நிலை என்று இங்கே காரணங்கள் வேறு. 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் மொத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. சென்னை 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது மட்டும் மாநகராட்சி நினைவுக்கு வருகிற ஊர். வடிகால்தான் அவர்களுக்கு நுழைவாயில். மழைக்கு இரண்டு மாதம் முன்பே தெரு வடிகாலைப் படம் எடுத்துப் புகார் எண் வாங்கும் வேலையைக் கொடுங்கள்.

பட்டியலில் பெயர்

இப்போது பதிவு. 1989-இல் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. அதன்பின் வெகுகாலம் ஜனவரி 1 அன்று 18 ஆகியிருந்தால்தான் அந்த வருடப் பட்டியல், இல்லையேல் மறுவருடம். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்ததுமே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பிலேயே இதை முடித்துவிடுவது நல்லது, கல்லூரிக்கு வெளியூர் போன பிறகு பிடிப்பது கஷ்டம். தேர்தல் ஆணையத்தின் ஆப்பிலும் செய்யலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கையிலும் கொடுக்கலாம். அவர் பெரும்பாலும் ஊர் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். வயதுக்குப் பிறப்புச் சான்றோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோ, முகவரிக்கு ஆதார், ஒரு போட்டோ, வீட்டில் யாராவது ஒருவரின் வாக்காளர் அட்டை எண். பெயரின் எழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, இனிஷியல் முன்னும் பின்னும் என்று இருப்பதுதான் நம் ஊரின் நிரந்தரத் தலைவலி. படிவத்தை அனுப்புமுன் இருவர் சேர்ந்து சரிபார்க்கட்டும். பிழை இருந்தாலும் வீடு மாறினாலும் படிவம் 8.

விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் ஊரில் பதியலாம், அல்லது கல்லூரித் தலைவரின் சான்றோடு விடுதி முகவரியில் பதியலாம். இரண்டிலும் வைத்துக்கொள்வது குற்றம். என்னைக் கேட்டால் ஊர் முகவரிதான் சரி என்பேன். சொந்த ஊரின் கிராம சபையும் உள்ளாட்சி ஓட்டும் அங்கேதான் கிடைக்கும். மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சிக்குப் பயன்படுத்துவது சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத்தான்.

அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது இது எல்லோருக்கும் புரிந்தது. வெளியூரில் இருந்தவர்கள், வீடு மாறியவர்கள் பெயரைத் தேடி அலைந்தார்கள். உங்கள் குழு ஒவ்வொரு வரைவுப் பட்டியலும் வந்தவுடன் தன் தெருவின் பாகத்தை எடுத்து, பாட்டி தாத்தாக்கள் உட்பட வீடு வீடாகச் சரிபார்க்கட்டும். தெருவில் அவர்களுக்கு மரியாதை வருவது அந்த வேலையில்தான்.

எதிர்ப்பேச்சு

"படிக்கிற வேலையைப் பாரு, அரசியலெல்லாம் நமக்கெதுக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. அம்மாவையும் கிராம சபைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கே தீரும். "எல்லாரும் திருடனுங்க சார்" என்று இளைஞர்கள் சொல்வதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க முயலாதீர்கள். யார், எந்தப் பில்லில், எவ்வளவு என்று கேளுங்கள். மறுபடி படிவம் 30-க்கே வந்து நிற்பார்கள்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு மட்டும் எண்கள் உதவும். 2016-இல் ராதாபுரம் தொகுதி 49 ஓட்டில் முடிவானது. அதே தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். 2021-இல் தியாகராய நகரை முடிவு செய்தவை 137 ஓட்டுகள். இவை லட்சக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தொகுதிகள். சில நூறு பேர் மட்டுமே ஓட்டுப் போடும் ஊராட்சி வார்டில் ஒரு கபடிக் குழு என்ன செய்யும் என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

பணம்தான் கடினமான பேச்சு. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலில் ரத்தானது, வேலூர் மக்களவைத் தேர்தல் 2019-இல் ரத்தானது, இரண்டும் பணத்தால். சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயிலுக்கு ஏலம் விட்டுவிட்டுத் தேர்தலே வேண்டாம் என்கிறார்கள். இளைஞரின் முதல் ஓட்டையே அது தின்றுவிடுகிறது. கவர் வாங்காதே என்று நீங்கள் சொல்லலாம். அவர்கள் வீட்டில் அப்பா ஏற்கெனவே வாங்கியிருப்பார். அதற்காகப் பிள்ளையை வெட்கப்பட வைக்காதீர்கள். வாங்கியதற்காக அந்தச் சின்னத்துக்கே குத்த வேண்டும் என்ற சத்தியத்தை உடைப்பதே முதல் படி. ஓட்டு ரகசியம், யார் சத்தியம் வாங்கினாலும் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. யாரையும் பிடிக்கவில்லை என்பவருக்குச் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா இருக்கிறது. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது. நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளரே ஜெயித்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

வாக்குப் பதிவு நாளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்று போதும். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் ஏழு விநாடி சீட்டுத் தெரியும், பார்த்துவிட்டு நகரச் சொல்லுங்கள். முடிவு நேரத்துக்குள் வரிசையில் நின்றவருக்கு டோக்கன் உண்டு. தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டிருந்தால் என்ன செய்வது என்பது 2018-இல் வந்த 'சர்கார்' படத்தால் எல்லோருக்கும் தெரியும். அதற்கான விதி 49-பி (49P). இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஓட்டு தாளில் போடப்பட்டு உறைக்குள் தனியாக வைக்கப்படும், வழக்கு வந்தால்தான் பொதுவாக அது வெளியே வரும். ஆகவே காலையிலேயே போய்விடுவது நல்லது.

இருபத்தொன்றுக்குப் பிறகு

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானபோது அவருக்கு அந்த 21 தான். 2022 மார்ச்சில் பிரியா ராஜன் சென்னை மேயரானது 28 வயதில். தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கானது, கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமலேயே நிற்கிறார்கள். 2019 தேர்தலில் ஊராட்சி வார்டுக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியலினத்தவருக்கு அதில் பாதி. நான்கு கிராம சபையில் தீர்மானம் படித்த பெண்ணுக்கு வார்டு மெம்பர் வேலையில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

உங்கள் குழுவிலிருந்து ஒருவர் நிற்க முன்வந்தால் அவர் மன்றப் பொறுப்பிலிருந்து எழுத்தில் விலகட்டும், மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் பிரச்சாரம் கூடாது என்று முன்பே முடிவு எடுத்துவிடுங்கள். இன்னொருவர் எதிர்த்து நிற்க விரும்பினால் அவருக்கும் இதே விதி. மனுக் கோப்பு, சீல் வாங்கிய நகல்கள், தீர்மானப் படங்கள் எல்லாம் தேர்தலில் நிற்காத மூன்றாம் நபரின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஜெயித்தவர் பதவியேற்ற மாதமே, இன்னும் முடியாத மனுக்களின் பட்டியலை அவருக்கும் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.